ராணி இறந்தார், சைக்கிள் ஸ்டாண்டை மூடினார்கள்: 2022 துக்க மீம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் எலிசபெத் ராணி இறந்தபோது பிரிட்டன் துக்கம் அனுசரித்தது. இணையம் வயிறு வலிக்கச் சிரித்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பின்னணி தெரியாமல் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

முதலில், அந்த நாட்களில் நடந்தது என்ன?

2022 செப்டம்பர் 8, வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில், ராணியின் உடல்நிலை குறித்து மருத்துவர்கள் கவலைப்படுவதாக பக்கிங்ஹாம் அரண்மனை அறிவித்தது. மாலை 6.30க்கு, ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் அவர் காலமானார் என்ற செய்தி வந்தது. வயது 96. அரியணையில் இருந்தது 70 ஆண்டுகளுக்கும் மேல். மறுநாள் தொடங்கிய தேசியத் துக்கம், 19ஆம் தேதி திங்கட்கிழமை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இறுதிச் சடங்கோடு முடிந்தது. அன்று நாட்டுக்கே விடுமுறை. உடல் வின்ட்சர் கோட்டையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் பேசப்போகும் மீம்களில் பெரும்பாலானவை இந்தப் பன்னிரண்டு நாட்களுக்குள் பிறந்தவை.

செத்துப்போன ஒரு கிழவியைக் கிண்டல் செய்வது அசிங்கமில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் மீம்களைப் பார்க்காமலே கேட்கிறார்கள். பார்த்தால் ஒன்று தெரியும்: பிரிட்டனுக்குள் இருந்து வந்த மீம்களில் ராணி ஏறக்குறைய இல்லவே இல்லை. அடிபட்டவர்கள் சூப்பர் மார்க்கெட்டுகள், நகராட்சிகள், பீட்சாக் கடைகள், விளையாட்டுச் சங்கங்கள். அதாவது, ராணி இறந்ததற்கு நாங்களும் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று தவித்து, எதையாவது செய்து மாட்டிக்கொண்ட நிறுவனங்கள்.

நம் ஊர் எழவு வீட்டில் பெற்ற பிள்ளைகள் ஓரமாகக் குந்தியிருக்க, பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத தூரத்துச் சொந்தம் ஒன்று தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வரும். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது இறந்தவரைப் பார்த்தல்ல. 2022இன் நல்ல மீம்கள் அந்த வாசல் சிரிப்புதான்.

ராணியையும் அரச குடும்பத்தையும் நேரடியாகவே தாக்கிய மீம்களும் உண்டு. அவை பெரும்பாலும் அயர்லாந்து, ஆப்பிரிக்கா, இந்தியா, கரீபியன் பக்கமிருந்து வந்தன. அந்த வகையறா வேறு. கீழே தனியாகச் சொல்கிறேன்.

அந்த சைக்கிள் ஸ்டாண்டு படம் உண்மையா, எடிட் செய்ததா?

உண்மை. கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் நகரில் எடுத்தது. தெருவோரத்தில் சைக்கிளைப் பூட்டிவைக்கும் இரும்பு வளைவுகள். அதில் ஒரு அறிவிப்பு: அரச துக்க காலத்தில் இந்த ஸ்டாண்டு மூடப்பட்டிருக்கும். அவ்வளவுதான் படம்.

இதில் யாரும் எதையும் சேர்க்கவில்லை என்பதுதான் இதன் பலம். மீம் என்றால் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் வடிவேலு என்று பழகிய நமக்கு இது புதிதாகத் தெரியலாம். இங்கே படம் எடுத்தவர் செய்ததெல்லாம் போனை நீட்டியது மட்டும். ஸ்டாண்டில் சைக்கிள் நின்றால் ராணிக்கு என்ன அவமரியாதை? யோசிக்க யோசிக்கச் சிரிப்பு கூடிக்கொண்டே போகும். கூட்டம் கூடும் இடம் என்பதால் ஒதுக்கிவைத்தோம் என்கிற மாதிரியான நடைமுறைக் காரணம் ஒன்று இருந்திருக்கும்; நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பை எழுதியவர் அதை எழுதாமல் துக்கத்தை எழுதினார். காரணத்தை எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் மொத்தக் கூத்திலும் முதல் பரிசு இதற்குத்தான்.

செண்டர் பார்க்ஸ் விவகாரம் என்ன? ஏன் அதை வைத்து இத்தனை மீம்?

செண்டர் பார்க்ஸ் என்பது காட்டுக்குள் மரவீடுகள் கட்டி, குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் விடுமுறைக் கிராமங்களின் நிறுவனம். இறுதிச் சடங்கு நாளன்று, 19ஆம் தேதி காலை 10 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை, பிரிட்டனில் உள்ள தங்கள் கிராமங்கள் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தார்கள். ராணிக்கு மரியாதையாம். ஏற்கெனவே காசு கட்டி உள்ளே தங்கியிருப்பவர்கள்? அந்த ஒரு ராத்திரி மட்டும் வெளியே போய் வேறெங்காவது தங்கிவிட்டு மறுநாள் திரும்பி வரலாம்.

குழந்தைகுட்டியோடு வந்தவர்களை, அதுவும் கடைகண்ணி எல்லாம் பூட்டியிருக்கும் ஒரு நாளில், பெட்டி படுக்கையோடு வெளியே அனுப்பி இருபத்துநாலு மணி நேரம் கழித்து வரச் சொல்வது! ட்விட்டர் விடுமா? கம்பளிப் போர்வையோடு சாலையோரம் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், காட்டுக்குள் ஒளிந்துகொண்டு காவலாளிகளிடமிருந்து தப்பிக்கும் அப்பாக்கள் என்று கற்பனைகள் பறந்தன. நிறுவனம் இறங்கி வந்தது. சரி, இருப்பவர்கள் இருக்கலாம். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் விருந்தினர்கள் அன்று தங்கள் மரவீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கும் என்கிற மாதிரி ஒரு பதிலையும் போட்டார்கள். விரட்டல் போய் வீட்டுக்காவல் வந்தது. கிண்டலின் இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிடப் பெரிது. இல்லையில்லை, காலாற நடக்கலாம் என்று மறுபடி விளக்கம்.

ஒரு நிறுவனம் தன் மீமைத் தானே மூன்று பாகங்களாக எழுதிக் கொடுத்தது என்றால் அது இதுதான்.

வேறு என்னவெல்லாம் நடந்தது?

மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இயந்திரம் பொருளை ஸ்கேன் செய்யும்போது வரும் ‘பீப்’ சத்தத்தைக் குறைத்தார்கள். தக்காளி சாஸுக்கு பில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் சனங்கள் இரண்டு தடவை தேய்த்த கதைகள் வந்தன.

வானிலை ஆய்வு மையம், துக்க காலத்தில் தினசரி முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் மட்டும்தான் பதிவிடுவோம் என்றது. வானிலை மையம் வேறு என்னதான் பதிவிடும் என்பதே அதற்குக் கீழே குவிந்த கேள்வி.

பிரிட்டிஷ் சைக்கிளிங் என்ற சைக்கிள் விளையாட்டு அமைப்பு, இறுதிச் சடங்கு நடக்கும் நேரத்தில் யாரும் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று யோசனை சொல்லி, அடி வாங்கி, மன்னிப்புக் கேட்டது. (சைக்கிளுக்கும் அரச குடும்பத்துக்கும் அந்த வாரம் ஏதோ ஜாதகப் பொருத்தம் சரியில்லை.)

கினிப் பன்றி விழிப்புணர்வு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அப்படி ஒரு வாரம் இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

கால்பந்து பிரீமியர் லீக் ஆட்டங்கள் 10, 11 தேதிகளில் நிறுத்தப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளின் ஞாயிறு ஆட்டங்கள்கூட. அதே 10ஆம் தேதி ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்ட், மௌன அஞ்சலியும் தேசிய கீதமுமாக ஜோராக நடந்தது. கால்பந்துக்காரனின் மரியாதை வேறு, கிரிக்கெட்காரனின் மரியாதை வேறா என்று வர்க்கச் சண்டை ஒன்று கிளம்பியது. அதில் நியாயமும் இருந்தது.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. இறுதிச் சடங்கு நாளில் மருத்துவமனைகளில் முன்பதிவு செய்திருந்த பலருக்குத் தேதி மாற்றப்பட்டது. சில இலவச உணவு வங்கிகள் அன்று மூடுவதாக அறிவித்தன. சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்த்ததும் கொதித்தார்கள்.

அரசாங்கம்தான் இப்படியெல்லாம் செய்யச் சொன்னதா?

இல்லை. கவனிக்க வேண்டிய இடம் இது. பிரிட்டன் அரசு அப்போது வெளியிட்ட வழிகாட்டுதலில், துக்க காலத்தில் பொதுமக்களோ நிறுவனங்களோ குறிப்பிட்ட விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏதுமில்லை, நிகழ்ச்சிகளையும் ஆட்டங்களையும் ரத்து செய்யும் கட்டாயமும் இல்லை, அவரவர் விருப்பம் என்றுதான் இருந்தது.

அந்த ‘அவரவர் விருப்பம்’தான் வினையாகிப் போனது. இதைச் செய், இதைச் செய்யாதே என்று பட்டியல் கொடுத்திருந்தால் எல்லோரும் அதை மட்டும் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். முடிவை உன் கையில் விட்டுவிட்டேன் என்றதும் ஒவ்வொரு மேலாளரும் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தார். அவன் லோகோவைக் கறுப்பாக்கிவிட்டான், நாம் ஆக்கவில்லை என்றால்? அவன் அரைநாள் மூடுகிறான், நாம் முழுநாள் மூடிவிடுவோம். ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசம் என்று சொல்வோமே, அது பெரும்பாலும் விசுவாசத்தில் பிறப்பதில்லை. நாளைக்குப் பத்திரிகைக்காரன் நம்மைப் பெயர் சொல்லித் திட்டிவிடுவானோ என்ற பயத்தில் பிறக்கிறது.

அந்தப் பயத்துக்கும் அடிப்படை இருந்தது. யார் துக்கம் காட்டவில்லை என்று தேடிப்பிடித்து முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைகள் அங்கே உண்டு. அதிகமாக அழுதால் ட்விட்டரில் சிரிப்பார்கள். குறைவாக அழுதால் பத்திரிகையில் கிழிப்பார்கள். நிர்வாகிகள் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பீட்சாக் கடையும் உள்ளாடைக் கடையும் இரங்கல் தெரிவித்ததாகச் சொல்கிறார்களே?

தெரிவித்தன. கறுப்புப் பின்னணி, ராணியின் பெயர், கீழே 1926–2022. இணையதளத்தைத் திறந்தால் அந்தப் பலகை. கொஞ்சம் கீழே போனால் வழக்கமான ஆஃபர். இப்படிப்பட்ட சங்கடமான இரங்கல்களைச் சேகரிப்பதற்கென்றே ட்விட்டரில் ஒரு கணக்கு இயங்கியது. க்ரேசி ஃப்ராக் நினைவிருக்கிறதா? 2005 வாக்கில் செல்போன் ரிங்டோனாக உலகத்தையே படுத்தி எடுத்த அந்தக் கார்ட்டூன் தவளை. அந்தத் தவளையின் கணக்கிலிருந்தும் ராணிக்கு ஆழ்ந்த இரங்கல் வந்தது. அதற்கு மேல் ஒரு மீம் கலைஞன் என்ன எழுதிவிட முடியும்?

‘தி க்யூ’ என்கிறார்களே, அது என்ன?

ராணியின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் 14ஆம் தேதி மாலை 5 மணியிலிருந்து 19ஆம் தேதி காலை 6.30 வரை பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. அதற்காக நின்ற வரிசைதான் ‘தி க்யூ’. தேம்ஸ் நதியின் தென்கரையோரமாக, லண்டன் ஐ ராட்டினம், டேட் மாடர்ன் கலைக்கூடம், டவர் பாலம் எல்லாம் தாண்டி சதக் பூங்கா வரை போனது. பத்து மைல் வரை சமாளிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். கையில் நம்பர் போட்ட கலர் பட்டை கட்டிவிடுவார்கள். இயற்கை உபாதைக்குப் போய்வந்து அதே இடத்தில் நிற்கலாம். சுமார் இரண்டரை லட்சம் பேர் அஞ்சலி செலுத்தியதாக அரசு கணக்குச் சொன்னது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு வரிசையில் நிற்பது ஒரு மதம் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எழுபது ஆண்டு அரசாட்சிக்கு அவர்கள் கட்டிய நினைவுச்சின்னமே ஒரு வரிசையாக அமைந்துபோனது. அரசின் கலாச்சாரத் துறை, வரிசையின் கடைசி ஆள் எங்கே நிற்கிறார் என்பதை யூடியூபில் இருபத்துநாலு மணி நேரமும் நேரலையாகக் காட்டியது. வரைபடத்தில் ஒரு கோடு, காத்திருக்க வேண்டிய நேரம், அவ்வளவுதான். வேறு வேலை இல்லாதவர்களும், வேலை இருந்தவர்களும் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உச்சம் 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை. பூங்கா நிரம்பிவிட்டது, வரிசையில் சேர யாரும் வர வேண்டாம், நிறுத்திவைக்கிறோம் என்று காலையில் அறிவிப்பு. வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பூங்கா வாசலில், வரிசையில் சேர்வதற்காக இன்னொரு வரிசை கட்டினார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே கட்டினார்கள். அன்று காத்திருப்பு நேரம் 24 மணிக்கு மேல் போனது.

அதே நாள் முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் தலையில் தொப்பியோடு வரிசையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று அஞ்சலி செலுத்தினார். புகழ்ச்சி மழை. மறுபக்கம், ஒரு காலை நேர டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாளர்கள் இருவர் வரிசையில் நிற்காமல் உள்ளே போனதாகக் கிளம்பிய சர்ச்சையில், நாங்கள் செய்தியாளர்களாகத்தான் போனோம் என்று அவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையில் நிற்காமல் ஆளுக்கு நான்கு விருந்தினர்களைக் கூட்டிப்போகலாம் என்று விதியே இருந்தது. அதைவிட டிவிக்காரர்கள்மேல் வந்த கோபம்தான் பெரிது.

வரிசையின் கடைசி எங்கே என்று மூன்று சொற்களில் இடம் காட்டும் செயலியின் குறியீட்டை அரசு ட்விட்டரில் கொடுத்தது. சில குறியீடுகள் தப்பு. ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாவைக் காட்டியது. வரிசை அவ்வளவு நீளமாகிவிட்டதா என்பது நீங்களே யூகிக்கக்கூடிய ஜோக்.

இந்த மீம்களில் கசப்பு குறைவு. நின்றவர்களே கால் கடுக்க நின்றபடி போட்டவை நிறைய.

மார்மலேட் சாண்ட்விச்சுக்கும் ராணிக்கும் என்ன சம்பந்தம்?

2022 ஜூனில், ஆட்சியின் எழுபதாம் ஆண்டு விழாவுக்காக, ராணி குழந்தைக் கதைகளில் வரும் பாடிங்டன் கரடியோடு தேநீர் குடிக்கும் ஒரு குட்டி வீடியோவில் நடித்தார். கைப்பையிலிருந்து மார்மலேட் (ஆரஞ்சுப் பழ ஜாம்) சாண்ட்விச்சை எடுத்துக் காட்டுவார். அவர் இறந்ததும் சனங்கள் பூங்கொத்துகளோடு கரடி பொம்மைகளையும் நிஜ சாண்ட்விச்சுகளையும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். தயவுசெய்து இனிமேல் சாண்ட்விச் வைக்காதீர்கள் என்று லண்டன் பூங்காக்களை நிர்வகிக்கும் அமைப்பு கேட்டுக்கொண்டது.

அயர்லாந்துக்காரர்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்?

இறந்த அன்று இரவே டப்ளினில் ஷாம்ராக் ரோவர்ஸ் அணி ஸ்வீடன் அணியோடு ஆடிய ஐரோப்பியக் கால்பந்து ஆட்டத்தில், ‘லிஸி பெட்டிக்குள்ளே’ (லிஸி என்றால் எலிசபெத், பெட்டி சவப்பெட்டி) என்று ரசிகர் கூட்டம் பாட, அந்த வீடியோ உலகம் சுற்றியது. அது கொடூரமான கிண்டல்தான். சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் 1840களின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்ததும், 1972இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் வந்தவர்களைச் சுட்டதும் அங்கே பாடப்புத்தக விஷயம் மட்டுமல்ல. சுட்ட ராணுவத்தின் பெயரளவுத் தலைவர் இந்த ராணி.

இதே ராணி 2011இல் டப்ளின் சென்று ஐரிஷ் மொழியில் இரண்டு வார்த்தை பேசி உரையைத் தொடங்கியதும், மறுவருஷம் பெல்ஃபாஸ்டில், ஒருகாலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐஆர்ஏ அமைப்பின் தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸின் கையைக் குலுக்கியதும் நடந்தவைதான். மீமில் அதற்கெல்லாம் இடம் இருப்பதில்லை.

இந்தியாவில் கோஹினூர் மீம்கள்தானே அதிகம்?

ஆமாம். செய்தி வந்த சில மணி நேரங்களில் கோஹினூர் ட்ரெண்டிங். ‘அம்மா போயிட்டாங்க, நகையைத் திருப்பித் தாங்க’ என்பதன் பல வடிவங்கள். இந்திய அரசோ செப்டம்பர் 11ஆம் தேதியை ஒருநாள் துக்கமாக அறிவித்து, தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. அடிமைப்படுத்தியவர்களுக்கு அரைக்கம்பமா என்று அதற்கும் மீம்.

ஒரு திருத்தம் மட்டும். சவப்பெட்டியின் மேல் இருந்த கிரீடத்தை வட்டமிட்டு ‘இதுதான் நம்ம கோஹினூர்’ என்று போட்ட படங்கள் தப்பு. பெட்டியின் மேல் இருந்தது இம்பீரியல் ஸ்டேட் கிரீடம். அதன் முன்பக்கம் மின்னுவது தென்னாப்பிரிக்காவில் வெட்டியெடுத்த கல்லினன் வைரத்தின் ஒரு துண்டு. 1849இல் சீக்கிய அரசனாக இருந்த சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து லாகூர் உடன்படிக்கை மூலம் பறிக்கப்பட்ட கோஹினூர் இருப்பது, ராணியின் அம்மாவுக்காக 1937இல் செய்த இன்னொரு கிரீடத்தில். 2023 முடிசூட்டு விழாவில் அரசர் சார்லஸின் மனைவி கமிலா அந்தக் கிரீடத்தைத் தவிர்த்துவிட்டார். கோபம் நியாயம்தான், கல் மாறிப்போனது. தென்னாப்பிரிக்கர்களும் அதே கிரீடத்தைக் காட்டி எங்கள் வைரத்தைக் கொடு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரியான கல்லை.

தமிழில் என்ன ஓடியது?

கமல்ஹாசனும் ராணியும் நிற்கும் 1997 படம்தான். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று சென்னை எம்ஜிஆர் ஃபிலிம் சிட்டியில் ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவுக்கு ராணி வந்திருந்தார். முதல்வர் கருணாநிதியும் இருந்தார். மருதநாயகம் என்ற யூசுஃப் கான் யார்? கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டு, பிறகு அதையே எதிர்த்து மதுரையில் நின்று, 1764இல் தூக்கில் தொங்கியவர். அவர் கதையைத் தொடங்கிவைக்க வந்தது பிரிட்டன் மகாராணி. படம் முடியவேயில்லை. 25 வருஷம் கழித்துத் தொடக்க விழா விருந்தினரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கு வசனம் எழுதத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இலங்கையில் 1972 வரை இவரே அரசி. பொருளாதாரம் தரைதட்டி, 2022 ஜூலையில்தான் ஜனாதிபதியையே விரட்டியிருந்த நாடு, 19ஆம் தேதியை அரசு விடுமுறையாகவும் துக்க நாளாகவும் அறிவித்தது. அங்கே எழுந்த நக்கலில் சிரிப்பைவிட எரிச்சல் தூக்கலாக இருந்தது.

புது அரசரை வைத்தும் மீம் வந்ததா?

பேனாவை வைத்து. 10ஆம் தேதி, அரசராக அறிவிக்கப்படும் சபையில் கையெழுத்துப் போடும்போது, மேஜையில் இடைஞ்சலாக இருந்த பேனாத் தட்டை எடுக்கச் சொல்லிக் கையை வெடுக்கென்று ஆட்டினார் சார்லஸ். 13ஆம் தேதி வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ மாளிகையில் தேதியைத் தப்பாக எழுதினார். பேனா வேறு ஒழுகிக் கையெல்லாம் மை. சனியன் பிடித்த பேனா என்ற அர்த்தத்தில் கேமரா முன்னாலேயே அலுத்துக்கொண்டார். 73 வயதில், அம்மாவைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர், ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வீடியோ சிரிப்பு மூட்டுகிறது என்பதும் உண்மை.

மீம் போட்டதற்காகக் கைது செய்தார்களா?

செய்தியான கைதுகள் தெருவில் நடந்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் அரசர் பிரகடனத்தின்போது ‘இவரை யார் தேர்ந்தெடுத்தது?’ என்று குரல் கொடுத்தவரைப் போலீஸ் பிடித்தது. எடின்பரோவில் அரசாட்சிக்கு எதிரான அட்டை பிடித்த ஒரு பெண்ணையும். லண்டனில் ஒரு வழக்கறிஞர் நாடாளுமன்றம் எதிரே வெற்றுத்தாளோடு போய் நின்றார். அதில் அரசருக்கு எதிராக எழுதினால் கைதாகலாம் என்று போலீஸ்காரர் சொன்ன பேச்சு வீடியோவாக வெளிவந்தது. உடனே வெற்றுத்தாளே மீமாகிவிட்டது. மக்களுக்குப் போராடும் உரிமை உண்டு என்று லண்டன் போலீஸ் பிறகு விளக்கம் கொடுத்தது.

ஆனால் பிரிட்டனில் இணையக் கிண்டலுக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. கொரோனா காலத்தில் நிதி திரட்டிப் புகழ்பெற்ற முன்னாள் ராணுவ வீரர் கேப்டன் டாம் மூர் இறந்ததும் வன்மமாக ட்வீட் போட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு, 2022 மார்ச்சில் 150 மணி நேரச் சமூகப்பணி தண்டனையாகக் கிடைத்தது.

மற்ற நாட்டு மன்னர்கள் இறந்தபோது இப்படி நடக்கவில்லையே?

தாய்லாந்தைப் பாருங்கள். 2016 அக்டோபர் 13இல் பூமிபோல் மன்னர் இறந்தார். அவரும் எழுபது ஆண்டு ஆண்டவர். ஒரு வருஷம் துக்கம். முதல் 30 நாள் கேளிக்கைகளைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இணையதளங்கள் கறுப்பு வெள்ளைக்கு மாறின. கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு வந்து, தெருவில் அண்டா வைத்துச் சட்டைகளுக்குச் சாயம் முக்கிக் கொடுத்தார்கள். கறுப்பு உடுத்தாதவர்களைச் சிலர் இணையத்தில் படம்போட்டுத் திட்டினார்கள். இவ்வளவும் நடந்தது, மீம் மட்டும் கண்ணில் படவில்லை. அங்கே குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவின்படி மன்னரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. சனங்களுக்கு நிஜமாகவே துக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எது துக்கம், எது பயம் என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி அந்தச் சட்டம் பார்த்துக்கொள்கிறது.

இணையத்துக்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் ஒழுங்காக அழுதார்களா?

எங்கே! 1830இல் நான்காம் ஜார்ஜ் இறந்தபோது, இவருக்காக வருந்த ஒருவரும் இல்லை என்ற தொனியில் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையே எழுதியது. 1936இல் ஐந்தாம் ஜார்ஜின் கதை இன்னும் விசேஷம்: மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல், கௌரவமான காலைப் பதிப்பில் வர வேண்டும் என்பதும் ஒரு காரணமாக, அவருடைய மருத்துவர் டாசன் பிரபு மார்ஃபினும் கோகெய்னும் ஊசிபோட்டு முடிவைத் துரிதப்படுத்தினார். அந்த மருத்துவரின் குறிப்புகள் 1986இல்தான் வெளியே வந்தன.

1997இல் இளவரசி டயானா இறந்தபோது, பத்திரிகைகளைத் திட்டிக்கொண்டே அதே பத்திரிகைகளை வாங்கித் தள்ளும் கூட்டத்தைக் கிண்டலடித்து ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டி இதழ் அட்டைப்படம் போட்டது. பல கடைகள் அந்த இதழை விற்க மறுத்தன. 2021 ஏப்ரலில் ராணியின் கணவர் பிலிப் இறந்தபோது, பிபிசி எல்லாச் சேனலிலும் அதையே ஓட்டியதற்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புகார்கள் குவிந்தன. புகார் செய்வதற்கென்றே தனிப் படிவம் திறக்க வேண்டிவந்தது. சுமார் ஒன்றரை வருஷம் கழித்து வந்த மீம் மழைக்கு அதுவே முன்னோட்டம்.

இந்தப் படங்களை நான் பகிரலாமா?

தாராளமாக. அறிவிப்புப் பலகைகளில் எங்காவது ஊழியரின் பெயரோ கைபேசி எண்ணோ தெரிந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள். துக்க அறிவிப்பை ஒட்டச் சொன்னவர் வேறு, ஒட்டியவர் வேறு. பழைய ட்வீட்டுகளில் பலவற்றை நிறுவனங்கள் அழித்துவிட்டதால், கையில் இருப்பது ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால் அன்றைய செய்தி ஒன்றில் அது வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோஹினூர் படத்தில் கிரீடத்தைச் சரிபார்க்கவும்.